செல்வி நிறுத்திய இயந்திரம்

திருப்பதியில் ஒரு கல்லூரியில் நான் எலக்ட்ரீஷியன். நகரியிலிருந்து தோட்டவேலைக்கு வரும் செல்விக்குத் தோள்பட்டை வலி. புல்வெட்டும் இயந்திரத்தைக் கயிற்றை இழுத்துக் கிளப்ப அவளால் முடியாது. பட்டனை அழுத்தினாலும் பேட்டரியில் கிளம்பும்தான். ஆனால் அந்த பேட்டரியை அடிக்கடி கழற்றி சார்ஜ் போட வேண்டும்.

“ஓடும்போதே சார்ஜ் ஏறுற மாதிரி செஞ்சு தர்றேன்” என்றேன். எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் காயிலைப் பொருத்தி, ஒரு டையோடு வழியாக பேட்டரியோடு இணைத்தேன். மின்சாரத்தை அளவாக அனுப்பும் ரெகுலேட்டர் கைவசம் இல்லை. இந்தச் சின்ன இயந்திரத்துக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் செல்வி பாதியில் நிறுத்திவிட்டு வந்தாள். “அண்ணே, பேட்டரி கொதிச்சிக்கினு கீது. ஒரு மாதிரி நாத்தம் வருது.”

“வெயில் சூடும்மா. ஓட்டு.”

“மாட்டேண்ணே. அதும் பின்னாடி நடக்கறது நானு. நீயே வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். பேட்டரி உப்பிப் போயிருந்தது. ஒரு சாண் தள்ளிப் பெட்ரோல் டேங்க். உடனே பேட்டரியின் இணைப்பைக் கழற்றினேன்.

“தப்பு என்னுதும்மா” என்றேன்.

புது பேட்டரியும் ரெகுலேட்டரும் பொருத்தி, அவள் எதிரிலேயே மீட்டரில் அளந்து காட்டினேன். முதல் சுற்றை நானே ஓட்டினேன். அதன்பிறகு ஒரு மழைக்காலம் முடிந்தும் சார்ஜ் போட பேட்டரியைக் கழற்ற வேண்டி வரவே இல்லை. என் வேலையில் எனக்கு இன்றும் நம்பிக்கை உண்டு. ஆனால் அன்று அவள் என் பேச்சைக் கேட்டு ஓட்டியிருந்தால் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.