ஆளில்லாத ஃபேன்

யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் ஜெசிந்தாவின் கை முதலில் சுவிட்ச் பலகையைத்தான் தேடும். அவர் உட்கார்வதற்குள் ஒரு விளக்கு அணையும், ஒரு ஃபேன் நிற்கும். “ஆளே இல்லாத எடத்துல இது இன்னாத்துக்கு சுத்திகினு கீது? பேய்க்கு வேர்க்குதா?” என்பார். போன ஈஸ்டருக்கு நாத்தனார் வீட்டுக் கூடத்தில் ஏ.சி.யை அணைத்துவிட்டு, விருந்தாளிகளையெல்லாம் வேப்பமரத்தடிக்குக் கிளப்பிவிட்டார். நாத்தனார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

தொழிலே அதுதான். மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று தணிக்கை செய்து சொல்லும் பொறியாளர் அவர். ஒரு ஸ்கூட்டர், தோளில் பெரிய கைப்பை, கழுத்தில் எரிசக்திப் பொறியாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை. குளிக்கும்போது மட்டும்தான் அந்த அட்டை கழுத்தைவிட்டு இறங்கும் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களின் மகள் அவர். பட்டம் வாங்கிய புதிதில், விடுதிக் காவலாளிகள் பார்த்த மாத்திரத்தில், “ஹவுஸ்கீப்பிங்கா? பின்னால போம்மா” என்று விரட்டினார்கள். அட்டை வந்த பிறகுதான் முன்வாசல் திறந்தது. “இது அட்ட இல்ல நைனா, சாவி” என்று அதைத் தட்டிக் காட்டுவார்.

சங்கத்தின் கடலோரக் கிளைக்குச் செயலாளரும் அவரே. சம்பளம் கிடையாது, வசவு உண்டு. உறுப்பினர்கள் எல்லாரும் பெரிய ஆட்கள்: கல்பாக்கத்து அணுமின்காரர்கள், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறவர்கள், சோலார்காரர்கள். சந்தா கட்டுவார்கள், வாட்ஸ்அப் குழுவில் தினமும் ‘குட் மார்னிங்’ போடுவார்கள், கூட்டத்துக்கு மட்டும் வரமாட்டார்கள். முப்பது பேர் சேர்ந்தால்தான் ஆண்டுப் பொதுக்கூட்டம் செல்லும். இரண்டு வருடமாகச் சேரவில்லை. இந்த முறையும் இல்லையென்றால் கிளையைக் கலைத்துச் சென்னையோடு சேர்த்துவிடுவோம் என்று தலைமையகம் சொல்லிவிட்டது. ஜெசிந்தா பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார்: “எங்க ஊர்ப் பொண்ணுங்க ஒரு அட்டைக்கு மெட்ராஸ் வரிக்கும் போயி நிக்கணுமா?”

கூட்டம் வைத்திருந்த சனிக்கிழமை மாலை, மண்டபத்தில் கிளைத் தலைவர் ராமதாஸ் இருந்தார். தலைமையகத்திலிருந்து மேற்பார்வைக்கு ரேணுகா வந்திருந்தார். அவர்களைத் தவிர ஏழெட்டுப் பேர். மீதியெல்லாம் காலி நாற்காலி. மேசையில் சமோசா ஆறிக்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் மேடம். அப்புறம் நான் ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும்” என்றார் ரேணுகா. நல்ல மனுஷிதான், விதியை அவர் என்ன செய்வார்?

“தோ, வந்துட்டேன்” என்று ஜெசிந்தா கைப்பையோடு பின்பக்கம் போனார். சற்றைக்கெல்லாம் மண்டபம் இருண்டது, ஃபேன்கள் நின்றன. உடனே குழுவில் அவரிடமிருந்து ஒரு செய்தி: “மண்டபத்துல மட்டும் கரண்ட் இல்ல. சுத்தி எல்லா வூட்லயும் எரியுது. நீங்க யாரும் பேஜாராவ வேணாம், நாளிக்கு ஒரு எலெக்ட்ரீசியன வச்சி பாத்துக்கறோம்.”

போதாதா! இத்தனை பொறியாளர்கள் இருக்கும் குழுவில் ‘எலெக்ட்ரீசியன்’ என்று எழுதலாமா? பைக் வந்தது, கார் வந்தது, ஷிஃப்ட் முடித்த சீருடையோடு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் லுங்கியோடே வந்துவிட்டார். டெஸ்டரை மட்டும் மறக்கவில்லை.

மீட்டர் பெட்டியைச் சுற்றி ஒரே செல்போன் வெளிச்சம். “உப்புக்காத்துப்பா, உள்ள எல்லாத்தையும் தின்னுட்டுகீது” என்றார் நெம்மேலிக்காரர் ஒருவர். “அன்னிக்கே சோலார் போடச் சொன்னேன், கேட்டீங்களா அண்ணாத்த?” என்று ராமதாஸைப் பிடித்துக்கொண்டார் இன்னொருவர். மூன்றாமவர் பெட்டியைத் திறக்கப் போக, கல்பாக்கத்துக்காரர்கள் பதறிப்போய்க் கையைப் பிடித்தார்கள். “பெர்மிட் இல்லாம பொட்டியத் தொடக் கூடாது!” வேலையிடத்துப் பழக்கம் அப்படி. எல்லாரும் தலையாட்டிவிட்டு, பூட்டில்லாத பெட்டியைத் திறக்காமலே காரணத்தை ஆராய்ந்தார்கள்.

ரேணுகா தலைகளை எண்ணினார். முப்பதைத் தாண்டியது.

“கூட்டம் மண்டபத்துக்குள்ளாறதான் நடக்கணும்னு ரூல் கீதா மேடம்?” என்று கேட்டார் ஜெசிந்தா.

“வளாகத்துல நடந்தா போதும். ஆரம்பிங்க” என்ற ரேணுகாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

ராமதாஸ் அங்கேயே நின்று தீர்மானங்களைப் படித்தார். வெளிச்சம் பிடித்திருந்த கைகளெல்லாம் உயர்ந்தன. கிளை பிழைத்தது. ஜெசிந்தாவின் கண் கலங்கிவிட்டது, நல்லவேளை, இருட்டு.

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். “நவுருங்க, நவுருங்க. பெர்மிட்டு நான் தரேன்.” மெயினை இறக்கி, பெட்டியைத் திறந்து, கைப்பையிலிருந்து ஃப்யூஸ் கட்டையை எடுத்துச் செருகினார். மெயினை ஏற்றியதும் மண்டபம் பளிச்சென்றது. எல்லார் பார்வையும் அந்தக் கைப்பைக்குத் திரும்பியது. பிறகு ராமதாஸ் “அடிப்பாவி!” என்றார். லுங்கிக்காரர் சிரித்த சிரிப்பில் டெஸ்டர் கீழே விழுந்தது.

எல்லாரும் சமோசாவுக்கு உள்ளே முண்டியடித்தார்கள். கடைசி வரிசையில் ஆளில்லை. மேலே ஒரு ஃபேன் மட்டும் காலி நாற்காலிகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவின் கை வழக்கம்போல் சுவிட்சுக்குப் போனது, அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு, பக்கத்தில் சும்மா கிடந்த இன்னொரு ஃபேனையும் சேர்த்துப் போட்டுவிட்டு, சமோசா எடுக்கப் போனார்.