மச்சான் பேரில் எடுத்த ஆட்டோ

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கரண்ட் பில் தோட்டத்தின் பேரில் வருவதால், விலாசத்துக்குச் சான்று இல்லையென்று ஹட்டனில் ஒரு லீசிங் கம்பெனி மருதவீரனுக்கு ஆட்டோ தர மறுத்தது. தலவாக்கலையில் சொந்த வீடுள்ள மச்சான் லோகநாதன் பேரில்தான் எடுத்தார். ஐந்து வருஷமும் தவணை கட்டியவர் மருதவீரன்.

தவணை முடிந்த மறுவாரம், புதிதாகப் பிறந்த பேத்தியை டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவர ஆட்டோவில் போகும் வழியில், வண்டியின் பதிவுப் புத்தகத்தை வாங்க லீசிங் கம்பெனிக்குள் நுழைந்தார்.

"புத்தகத்த லோகநாதன் முந்தாநாளே வாங்கிட்டாரே ஐயா. வண்டிய இவருக்கு வித்துட்டாரு. பேர் மாத்த வந்திருக்காரு," என்றாள் கம்பெனிப் பெண், பக்கத்தில் இருந்தவனைக் காட்டி. அவன் சாவிக்குக் கை நீட்டினான்.

"தவணை பூரா கட்டுனது நாந்தாம்மா!"

"லீசிங் பேப்பர்ல கையெழுத்து யாருதுங்க ஐயா?"

மருதவீரன் சாவியைக் கொடுத்தார். பின்சீட்டில் பேத்திக்காக விரித்திருந்த புதுப் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.