கடல்மீன் தொட்டியில் அருவித் தண்ணீர்

அறுபதுகளில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு நான் மேனேஜர். முதலாளி தூத்துக்குடியிலிருந்து கடல்தண்ணீரும் மீனும் வரவழைத்து முன்கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். சாரல் தொடங்கியதும் மீன்களின் மேல் உப்புக்கல் போல வெள்ளைப் புள்ளி விழுந்தது, ஐந்து செத்தன. குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். பிசுக்குக் கையை உள்ளே விட்டிருப்பார். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். செம்பிலிருந்து அருவித் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஓய், மிச்சத்தையும் கொல்லப் பாக்கீரா?”

“மனுசன் சீக்குக்குக் கேக்குத தண்ணி மீன் சீக்குக்குக் கேக்காதா அண்ணாச்சி? பத்து நாளா நாலு செம்பு எடுத்துட்டு நாலு செம்பு ஊத்துதேன்.”

குனிந்து பார்த்தேன். மிஞ்சிய மூன்றின் மேலும் ஒரு புள்ளி இல்லை.

மறுநாள் அவருக்கு நானே முன்கூடத்துக் கதவைத் திறந்துவிட்டேன், எண்ணெய் வாடை அடிக்கிறதா என்று அவர் கையை மோந்து பார்த்த பிறகு.