காலைக் கள்ளு

என் மகளுக்கு மோட்டாரை நிறுத்தத் தெரியும். சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் "போய் நிறுத்திட்டு வா" என்று அனுப்பினால், பாதி வரப்பிலேயே எதற்கு வந்தோம் என்பது மறந்துபோகும். ஓணானையோ கொக்கையோ பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். தண்ணீர் என் வயலை நிரப்பி அடுத்தவன் வயலுக்கும் போகும். அவனிடம் நான் பேச்சு வாங்குவேன். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். அடித்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை. அடி வாங்கிய கொஞ்ச நேரத்தில் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என்னை உரசியபடி உட்காருவாள். மறுநாளும் அதே மோட்டார், அதே ஓணான்.

ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆள் பார்க்க மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரிதான். நாலாம் வாய்ப்பாட்டை ராத்திரி ஒப்பிப்பாள். காலையில் கேட்டால் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல் சிரிப்பாள். யார் கூப்பிட்டாலும் கூடப் போய்விடுவாள். "கொழுப்பு" என்று நான் சொல்வேன். "சின்னப் புள்ளங்க, வுடுங்க" என்பாள் என் மனைவி.

கடைசியில் டீச்சர்தான் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "அடுத்த வருஷம் ஆறாவது, பெரிய பள்ளிக்கூடம். இப்பிடியே அனுப்பினா கடைசி பெஞ்சில உக்கார வச்சி மறந்துடுவாங்க சார். இங்க பசங்களப் பாக்க டாக்டர் வராங்க, காட்டுங்க. இன்னா ஏதுன்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்த மாதிரி சொல்லிக் குடுக்கலாம்."

டாக்டரம்மா வந்த அன்று, பிள்ளைகளின் குட்டை பெஞ்சுகளில் நாங்கள் பெற்றோர்கள் முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். பெரும்பாலும் அம்மாக்கள்தான். ஒரு பீரோவை நகர்த்தி மறைப்பு செய்திருந்தார்கள். மறைப்பு கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை. உள்ளே போன ஒவ்வொரு அம்மாவிடமும் கடைசியில் ஒரே கேள்வி வந்தது.

"வயித்துல இருக்கும்போது கள்ளு, சாராயம், பிராந்தி, ஏதாவது குடிச்சீங்களா?"

"ஐயோ, இல்ல டாக்டர்."

ஒருத்தி மாற்றி ஒருத்தி அதையே சொன்னாள். அந்தப் பெண்களின் புருஷன்மார் பலரோடு நான் ஏரிக்கரைக் கள்ளுக்கடையில் நின்றவன். யார் யார் வீட்டுக்கு பாட்டில் போகும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் முறை வந்தது. டாக்டரம்மா மகளின் தலையை அளந்தார். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே விரலால் தடவிப் பார்த்தார். அங்கே எல்லாருக்கும் இருக்கும் சின்னப் பள்ளம் அவளுக்கு இல்லை. பத்து வருடமாக முத்தம் கொடுக்கும் முகம், நான் கவனித்ததே இல்லை. பிறகு என் மனைவியைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றாள்.

நான் பக்கத்திலேயே இருந்தேன். ஊர் நியாயமெல்லாம் பேசுகிறவன், வாயில் கொழுக்கட்டையை வைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

எல்லாரையும் பார்த்து முடித்துவிட்டு டாக்டரம்மா பொதுவாகப் பேசினார். தாய் குடித்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கும் அது போகும், சில பிள்ளைகளுக்கு முகத்திலும் அடையாளம் தெரியும், எல்லாப் பிள்ளைக்கும் பாதிப்பு வராது, ஆனால் இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்றார். டீச்சர் கேட்டார்: "நம்ம பக்கம் எத்தன பசங்களுக்கு இருக்கும் மேடம்?"

"தெரியாது. வெளிநாட்டுல பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா தேடிப் பாத்த இடத்துல நெனச்சதவிட அதிகமாத்தான் இருந்துச்சு. இங்க கேட்டா எல்லாரும் இல்லன்றாங்க. அப்ப கணக்குப்படி நம்ம ஊர்ல யாருக்குமே இல்ல" என்று பையை மூடினார். அதில் கிண்டல் இருந்ததா, அலுப்பா, எனக்குப் புரியவில்லை.

இல்லை என்றால் பொய். என் மனைவி குடித்தாள். வாங்கி வந்தது நான். அவள் முழுகாமல் இருந்தபோது தினமும் விடிந்ததும் சைக்கிளை மிதித்துப் போய், மரத்திலிருந்து இறக்கிய கையோடு சொம்பில் பிடித்து வருவேன். காலைக் கள்ளு குளிர்ச்சி, சூடு தணியும், பிள்ளை சிவப்பாகப் பிறக்கும். எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வதுதான். மழைக்காலத்தில் சளி பிடித்தபோது பிராந்தியும் கொடுத்தேன். எங்கள் ஊரில் மருந்துக்கடையைவிட பிராந்திக்கடைதான் பக்கம். "பொண்டாட்டிய எப்பிடித் தாங்குறான் பாரு" என்று கள்ளுக்கடைக்காரர் நாலு பேர் நடுவே சொல்வார். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். பிள்ளை பிறந்தது, என் கறுப்பு நிறத்திலேயே.

அடுத்த வாரம் மறுபடி தண்ணீர் அடுத்த வயலுக்குப் போனது. வரப்பில் போய்ப் பார்த்தால் மகள் கொக்கு பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கையை ஓங்கிவிட்டேன். அவள் அடியை எதிர்பார்த்துக் கண்ணை இறுக்கி மூடினாள். "அப்பா, இன்னா மறந்தேன்?" என்று கேட்டாள். தான் எதையோ மறந்துவிட்டோம் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

டாக்டரம்மா அடுத்த முறை வந்தபோது நானே முந்திக்கொண்டேன். "போன தடவ சொன்னது பொய்ங்க. குடிச்சா. நாந்தான் தெனமும் வாங்கினு வந்து குடுத்தேன்." பெரிய மனுஷன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சொன்னதும் பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. என் மனைவியிடம் திரும்பினார். "ஏம்மா, அப்ப ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"இவரு பக்கத்துல குந்தினு இருந்தாரே" என்றாள்.

அதற்கப்புறம் எல்லாக் கேள்வியும் அவளுக்குத்தான். எத்தனை மாதம் குடிச்சீங்க, எவ்வளவு குடிச்சீங்க, அடுத்து பிள்ளை உண்டானால் தொடக் கூடாது, புரியுதா. கடுமையாகப் பேசவில்லை. மகளிடம் ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான் சொல்ல வேண்டும், படம் காட்டிச் சொல்லித்தர வேண்டும், அடிக்கவே கூடாது என்று விளக்கினார். டீச்சருக்கும் புதுப் பள்ளிக்கும் சொல்வதாகச் சொன்னார். மகளுக்கு வழி பிறந்தது. ஆனால் சொம்பைத் தூக்கி வந்தவனிடம் கேட்க ஒன்றுமே இல்லை. நான் சொன்ன உண்மை முழுக்க அவள் தலையில் விடிந்தது. அவள் குனிந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

வண்டியில் திரும்பினோம். மகள் முன்னால் டேங்கில் உட்கார்ந்து எதிரே வரும் கரும்பு டிராக்டருக்கெல்லாம் கை காட்டினாள். மனைவி பின்னால். செலியமேடு தாண்டியதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"வாங்கினு வந்து குடுத்தேன்னு சொன்னீங்களே. நான் வேணாம்னு சொன்னத ஏன் சொல்லல?"

வேண்டாம் என்றாள்தான். நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் மோவாயைப் பிடித்துத் திருப்பி, "புள்ளைக்காக ஒரு மொடக்கு குடி" என்று ஊட்டுவேன். முதல் நாள் வாந்தி எடுத்தாள். மறுநாளும் சொம்பைக் கொண்டுபோய் நீட்டினேன். இது எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. மேலே கள்ளு வாங்கி வந்த கதையை எழுதும்போதும் இதை விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.