பூசி முடித்த மேசை

பாலிஷ்காரர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் அவர் பூசிய மேசையில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். அவரே ஒருமுறை செய்தும் காட்டியிருக்கிறார். அவர் முடித்த வேலையில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. ஆசையாக இன்னொரு பூச்சு பூசிய சொந்த மச்சானையே தெருக்கோடிவரை விரட்டியவர்.

அப்பேர்ப்பட்டவர், இதய ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெலவெலத்துக் கிடந்தார்.

"செத்துப்போனா ஆண்டவர்கிட்ட என்னத்தக் காட்டுறது? கோயில் பெஞ்சுக்கெல்லாம் கூலி வாங்காம பாலிஷ் போட்டேன். அது போதுமாடி? பிழைச்சா கதவுக்கும் போட்டுடறேன்."

ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "நம்மள மீட்கிற வேலைய முடிச்சுட்டேன்னு சொல்லித்தானே அவர் சிலுவையில உயிர விட்டார்? அதுல ஏதாச்சும் குறை வெச்சாரா?"

"சேச்சே! அவர் வேலையில குறையா?"

"அப்புறம் எதுக்கு எங்கண்ணன் மாதிரி பிரஷத் தூக்கிட்டுப் போறீங்க?"

பாலிஷ்காரர் கட்டில் குலுங்கச் சிரித்தார். "அவரு நல்லவருடி. நானா இருந்தா விரட்டியிருப்பேன்!"

மறுநாள் தள்ளுகட்டிலோடு கூடவே நடந்த மச்சான் மூக்கை உறிஞ்சினார். "பயமா இருக்கா மாப்ளே?"

"எதுக்குய்யா பயம்? போனா அவர்கிட்டப் போறேன். வந்தா கோயில் கதவுக்குப் பாலிஷ் போடுவேன், சும்மா சந்தோஷத்துக்கு." ஆபரேஷன் அறைக் கதவு மூடுமுன் தலையைத் தூக்கினார். "நான் வர்றதுக்குள்ள நீ மட்டும் பிரஷத் தொட்டுடாதே!"