பெரிய வெள்ளியன்று அடிக்காத மணி

என் அண்ணன் ஹாவெல் பயந்தாங்கொள்ளி என்று ஓர்ஷே ஆற்றங்கரையில் இன்னும் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள், ஒன்றையும் அழகாக்க வேண்டாம்.

அவன் எங்கள் கோயிலில் மணி அடிப்பவன். இடது கால் சற்று இழுக்கும். ஆனாலும் கோபுரத்தின் எழுபது படியையும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறிவிடுவான்.

அந்த வருஷம் ப்ருஷ்யாவோடு சண்டை. எங்கள் மகாராணியின் படைக்காரர்கள் எங்கள் ஊர்ப் பெரிய களஞ்சியத்தை எடுத்துக்கொண்டு மாவும் வைக்கோலுமாக அடைத்தார்கள். ஊரின் விதை வாற்கோதுமையும் அதற்குள்தான் ஒரு மூலையில் கிடந்தது. விதைக்க இன்னும் பத்து நாள் இருந்தது. எதிரி வந்தால் ஹாவெல் பெரிய மணியை விடாமல் அடிக்க வேண்டும், எல்லோரும் ஓடிப்போய் விதை மூட்டைகளைக் காட்டுக்குத் தூக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

அவர்கள் வந்தது பெரிய வெள்ளியன்று. வியாழன் இரவு முதல் உயிர்ப்பு விழா வரை எங்கள் மணிகள் பேசக் கூடாது. ரோமாபுரிக்குப் போய்விட்டன என்போம். செபத்துக்குக் கூப்பிட, கோபுரத்தில் கைப்பிடி வைத்த ஒரு பெரிய மரக்கட்டை உண்டு. சுழற்றினால் கடகடவென்று சத்தம் போடும்.

நான் கோபுரத்துக்கு அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். ஆற்றுத்துறையில் நீலச்சட்டைக் குதிரைக்காரர்கள் இறங்குவதை அவன்தான் முதலில் பார்த்தான். கட்டி வைத்திருந்த மணிக்கயிற்றை அவிழ்த்தான்.

"அண்ணே, தொடாத! சாமி செத்த நாளு!"

"ப்ருஷ்யாக்காரன் வரான் புள்ள! விதை போயிடும், கைய விடு!"

"அம்மா செத்து ஆறு வாரந்தான் ஆவுது. நீ மணியடிச்சா உத்தரிக்கிற ஸ்தலத்துல, பாவம் தீருற அந்த நெருப்புல, அவ கெடந்து வேகணும். கட்டையச் சுத்து, சனங்களுக்குப் புரியும்."

பிடித்த அவன் கையை நான் விடவில்லை. அம்மா பேரைச் சொன்னதும் அவன் கை தளர்ந்தது. கட்டையைச் சுழற்றினான்.

சனங்களுக்குப் புரியவில்லை. செபமாலையோடு மெதுவாகக் கோயிலுக்கு வந்தார்கள். "என்ன, உச்சி வேளைக்கு முன்னாலயே கூப்பிடுறான்? விரதம் தாங்கல போல!" என்று கொல்லன் பெண்டாட்டி மார்கேதா சிரித்தது மேலே வரை கேட்டது. ஹாவெல் கத்திக்கொண்டே காலை இழுத்து இழுத்துக் கீழே இறங்குவதற்குள் களஞ்சியத்தைச் சுற்றிக் குதிரைகள்.

மாவு மூட்டைகளைக் கிழித்துக் குளத்தில் கொட்டினார்கள். வைக்கோலுக்குத் தீ வைக்கும்போது ஊர்த்தலைவர் வோந்த்ரா தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"ஐயா, அந்த மூலையில இருக்கறது எங்க விதைங்க. படைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க."

எங்கள் பேச்சுத் தெரிந்த ஒரு சிப்பாய் சிரித்தான். "உங்க ராணி குதிரை, விதை எது தீனி எதுன்னு கேட்டா தின்னும்?"

ஒருவரையும் அவர்கள் அடிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் போய்விட்டார்கள். வறுத்த வாற்கோதுமை வாசம் மட்டும் ஒரு வாரம் ஊரில் நின்றது.

மடத்தில் கெஞ்சி வாங்கிய விதை கால்வாசி நிலத்துக்குத்தான் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் தவிட்டோடு மரப்பட்டையை இடித்துத் தின்றோம். ஐந்து சின்னப் பெட்டிகள் கல்லறைக்குப் போயின. ஐந்துக்கும் ஹாவெல்தான் மணியடித்தான். நான்காவது மார்கேதாவின் மகள்.

"இப்ப மட்டும் பயமில்லாம நல்லா அடிக்கிறியேடா," என்றாள் அவள், எல்லோர் முன்னாலும்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஒருமுறை மட்டும் கேட்டேன், "நான்தான் தடுத்தேன்னு ஏண்ணே சொல்லல?"

"கயிறு என் கையிலதானே இருந்திச்சு, புள்ள."

அதன்பிறகு பெரிய வெள்ளிகளில் அவன் கயிற்றைக் கட்டவே இல்லை. பங்குச்சாமியார் திட்டுவார். இவன் அடிக்கவும் மாட்டான். நாள் முழுக்கக் கயிற்றைப் பிடித்தபடி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். இருபத்திரண்டு வருஷம் அப்படி இருந்து போன தை மாதம் செத்தான்.

அவனை அடக்கம் செய்த மறுநாள் மார்கேதா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ந்த பட்டாணி நெற்று உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"இத ஏன்டி இப்ப வந்து சொல்ற, டோரோட்டா?" என்றாள். "அவன் இருக்கும்போது சொல்லியிருந்தா, அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பேனே."

நான் உட்கார்ந்து அவளோடு பட்டாணி உரித்தேன். கூடை காலியானதும் எழுந்து போகச் சொன்னாள்.