மூன்று வகை ரவை

எங்கள் ஊர்த் தமிழில் உப்புமாவுக்குப் போடுவதும் ரவைதான், துப்பாக்கிக்குப் போடுவதும் ரவைதான். இத்தனை வருட மணவாழ்வில் எனக்கும் மனைவிக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. இரண்டாவது ரவையைப் பற்றிக் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சமையலறையில் நின்று பேச வேண்டிவரும் என்று யார் கண்டது? அதைக் கொண்டுவந்தவர் சம்பந்தி, மகளின் மாமனார்.

அவர் மட்டக்களப்புக்காரர். எங்களுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போனவர், அதற்கும் வடக்கே இருந்த ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்தார். பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தார். இருபத்திரண்டு காலிபரில் ஒரு சின்னத் துப்பாக்கியும் வாங்கினார். காகம் குருவி எதையும் அவர் சுடுவதில்லை. ஐம்பது மீற்றருக்கு அப்பால் ஒட்டிய கடதாசியைத்தான் சுடுவார். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் லைசென்ஸ் இல்லாத நானும் சுடலாம் என்பது அங்கே விதி. மகள், "அப்பா, வீட்டிலை இருந்து பஸ்ஸை எண்ணாமல் மாமாவோடை போங்கோ" என்று அனுப்பிவைத்தாள். நான் பஸ் எண்ணுவது உண்மைதான். சன்னலுக்கு நேரே தரிப்பிடம் இருந்தால் யாரும் எண்ணுவார்கள்.

முதல் நாள் ஐந்து வெடி வைத்தேன். ஐந்தும் கடதாசியில் பட்டன. ஆனால் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாத உறவினர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் நின்றன. சம்பந்தியின் ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் கிடந்தன.

"ரவை சரியில்லை" என்றேன்.

"ஓம் அண்ணை, அதே பெட்டி ரவைதான் எனக்கும்" என்றார் அவர், கடதாசியை மடித்தபடி.

நான் ரவையில் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருந்தது. சில மாதங்களாகச் சட்டைப் பொத்தான் போட எனக்கு நேரம் எடுத்தது. கையெழுத்து வைத்தால் வங்கிக்காரப் பிள்ளை இரண்டாம் தரம் நிமிர்ந்து பார்த்தாள். என் தமையனாருக்கும் பொத்தானில்தான் தொடங்கியது. கடைசியில் கரண்டியை இன்னொருவர் பிடிக்க வேண்டிவந்தது. அந்த நடுக்க வருத்தத்தின் பெயரை நான் வீட்டில் உச்சரிப்பதில்லை. பிழை ரவையில் இருந்தால் கையில் இல்லை. கணிதம் படித்தவனுக்கு இதைவிட இனிய சமன்பாடு கிடையாது.

ஆகவே போனில் சம்பந்தியிடம், "மூண்டு வகை ரவையும் வாங்குங்கோ. எது திறம் எண்டு ஒருக்காப் பாப்பம்" என்றேன். அடுத்த நாள் மேசையில் மூன்று பைக்கற் இருந்தன. வறுத்த ரவை, வறுக்காத ரவை, சம்பா கோதுமை ரவை.

"இது என்ன?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நீங்கள்தானே சம்பந்தியிட்டை மூண்டு வகை ரவை கேட்டனீங்கள். பாவம் அந்த மனுசன், ஸ்ரௌவ்வில்லிலை எங்கை போய்த் தேடுறது? நானே பிளாசாவிலை வாங்கிட்டன்."

"நான் கேட்டது துப்பாக்கி ரவை."

அவள் வறுத்த ரவையை எடுத்து என் பைக்குள் வைத்தாள். "அப்ப வறுத்ததைக் கொண்டுபோய்ச் சம்பந்தி அம்மாவுக்குக் குடுங்கோ. மற்றதுகளை நீங்கள் திண்டு முடியுங்கோ." தேத்தண்ணியை முன்னால் வைத்தாள். முக்கால் கோப்பை. பொங்கல் கழிந்ததில் இருந்து அவள் எனக்கு ஊற்றுவது முக்கால் கோப்பைதான். சிக்கனமாக்கும் என்று நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சம்பந்தி மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் ஐம்பது. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. முதலாவது வேக ரவை, மேலே செம்புப் பூச்சு, ஒலியை முந்தி ஓடும். "முந்திக்கொண்டு ஓடி, போற வழியிலை வேகம் குறைஞ்சு திரும்ப ஒலிக்குக் கீழை விழேக்கை ஒரு உதறல் வரும், அண்ணை" என்றார். இரண்டாவது சாதாரண வேகம், வெறும் ஈயம், ஒலியைத் தொடவே தொடாது. மூன்றாவதும் அதே வேகம்தான். ஆனால் போட்டிக்காரர்களுக்கென்று ஒவ்வொன்றையும் ஒரே அளவாகச் செய்தது. விலையைச் சொன்னார். இதைச் சுடுவதைவிட நகைப்பெட்டியில் வைக்கலாம் என்றேன்.

முதலில் அவர் சுட்டார். வேக ரவை உள்ளங்கை அளவுக்குப் பரவியது. சாதாரணம் அதில் பாதிக்குள் வந்தது. போட்டி ரவை ஐந்தையும் ஒரு இரண்டு டொலர் நாணயக் குற்றியால் மூடலாம். பிறகு நான் சுட்டேன். மூன்று ரவையும் எனக்கு ஒரே மாதிரி, ஒரு சாண் அகலம்.

அந்த இடத்திலேயே எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது. எதை மாற்றியும் விடை மாறவில்லை என்றால் பிழை மாற்றாததில் இருக்கிறது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "உந்தப் பெட்டியள் ஈரம் பட்டிருக்கும். அல்லது என்ரை கண்ணாடி பிழை."

சம்பந்தி குனிந்து மேசைக்குக் கீழே தேடினார். "துப்பாக்கிக்கு அடியிலை ஏதாவது முட்டுக் குடுத்துப் பாப்பம் அண்ணை. மணல்பையை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்." என் பையைக் கிளறினார். வறுத்த ரவைப் பைக்கற்றை எடுத்து, கையில் நிறுத்துப் பார்த்து, மேசையில் வைத்தார். அதன் நடுவில் முழங்கையால் ஒரு குழி அமுக்கினார். துப்பாக்கி அதில் குழந்தை மாதிரிப் படுத்தது.

பக்கத்து மேசையில் இருந்த தாடிக்காரர் இதைப் பார்த்து, இது எந்த நாட்டுச் சாமான் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சம்பந்தி முகத்தை மாற்றாமல், காலைச் சாப்பாடு என்றார்.

மூன்று பெட்டியிலும் ஐந்தைந்தாகச் சுட்டேன். கடதாசிகளைக் கொண்டுவந்து பரப்பினோம். வேக ரவை பரவி, சாதாரணம் ஒடுங்கி, போட்டி ரவை ஒரு குற்றிக்குள். அவருடைய கடதாசிகளின் அதே ஒழுங்கு.

"ரவை சுகம். கண் சுகம். துப்பாக்கியும் சுகம்" என்றார் சம்பந்தி மெதுவாக. "மறுகா என்ன மிச்சம் இரிக்கு, அண்ணை?"

நான் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெற்று ரவைக் கோதுகளைப் பொறுக்கத் தொடங்கினார். 'பிறகு' என்பதற்கு அவர் சொல்லும் மட்டக்களப்பு 'மறுகா'வை நான் எப்போதும் பகிடி பண்ணுவேன். அன்று வீடு வரும்வரை ஒரு தரமும் பண்ணவில்லை. அவருக்கே அது பயமாக இருந்திருக்கும்.

வீட்டில் மனைவி தேத்தண்ணி ஊற்றினாள். வழக்கம்போல முக்கால்.

"ஏன் நிரப்பி ஊத்திறேல்லை?"

"நிரப்பினா சிந்துவியள்."

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"பொங்கலுக்கு முதலே."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"இந்த வீட்டிலை எல்லாத்தையும் எண்ணுறது நீங்கள்தானே. உந்தச் சிந்துறதையும் எண்ணியிருப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்." கோப்பையை என் பக்கம் தள்ளினாள். "இப்ப எண்ணிட்டியள் தானே. டொக்டரிட்டைப் போவம்."

டொக்டர் என்னைக் கை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், கடதாசியில் ஒரு சுருள் கீறச் சொன்னார். தமையனாரின் வருத்தம் மாதிரித் தெரியவில்லை என்றார். சும்மா இருக்கும்போது ஓய்ந்து, ஏதாவது பிடிக்கும்போது வரும் நடுக்கமாம். குறைக்க மாத்திரை உண்டாம். தேத்தண்ணியைக் குறைக்கட்டாம். அது ஏற்கெனவே முக்கால்தான் என்றேன். மனைவி சிரித்தாள். டொக்டருக்கு விளங்கவில்லை.

சம்பந்தி இப்போது மணல்பையை மறக்காமல் கொண்டுவருகிறார். நான் தொடுவதில்லை. என் மேசையில் வறுத்த ரவைதான். சம்பந்தி அம்மாவுக்கு அது இன்னும் போய்ச்சேரவில்லை. கேட்டால், பரிசோதனை முடியவில்லை என்று சம்பந்தியைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.